12 வார ஆன்லைன் விரிவுரையில் இசைச் சிகிச்சை: எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்க முடியாது

பாடத்திட்டம் எப்படிப் போடுவது, எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது: “முடிவில் சான்றிதழ் வேண்டும் என்கிறார்கள், தரலாமா?” நீங்கள் முறையாகப் பயிற்சி பெற்ற இசைச் சிகிச்சையாளர். வேறொரு நாட்டில் இருக்கும் தொண்டு அமைப்பு ஒன்று அங்குள்ள செவிலியர்கள், சிறப்புப் பள்ளி ஆசிரியர்கள், இசை ஆசிரியர்கள் என 30 பேருக்கு, வாரம் 2 மணி நேரம் வீதம் 12 வாரம் ஆன்லைனில் விரிவுரை கேட்கிறது. அவர்கள் மொழி உங்களுக்குத் தெரியாது. அந்த நாட்டில் இந்தப் படிப்பும் கிடையாது. அப்படியானால் நீங்கள் உண்மையில் கேட்பது, திரையில் நான் பேசியதைக் கேட்டுவிட்டு ஒருவர் நோயாளி முன்னால் போய் உட்காரலாமா என்பதுதான். நான் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளோடும் முதியவர்களோடும் வேலை செய்பவர்கள். மனநல மருத்துவமனைப் பக்கம் எனக்குப் பழக்கம் குறைவு. அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அறிவைத் திரைவழியே கொடுக்கலாம். காதையும் ஓரளவு பழக்கலாம். ஆனால் பாடகரும் வாத்தியக்காரரும் “கை வந்துவிட்டது” என்று சொல்வார்களே, அந்தக் கையைக் கொடுக்க முடியாது. இது ஆசிரியரின் திறமைக் குறைவோ மாணவரின் சோம்பலோ அல்ல. காரணம் கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் இயற்பியல். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பதிலில் சந்தேகமே இல்லாத பகுதி அதுதான்.

இசைச் சிகிச்சையில் பெரும்பங்கு, எதிரில் இருப்பவரோடு ஒரே நேரத்தில் வாசிப்பது. குழந்தை மேசையைத் தட்டினால் அந்தத் தட்டலுக்கு அடியில் நாம் ஒரு தாளத்தை விரிக்கிறோம். அது வேகம் பிடித்தால் நாமும் பிடிக்கிறோம், சட்டென்று நிறுத்தினால் நாமும் நிற்கிறோம். பால் நார்டாஃப் என்ற அமெரிக்க இசையமைப்பாளரும் கிளைவ் ராபின்ஸ் என்ற சிறப்புக் கல்வி ஆசிரியரும் 1959இல் இங்கிலாந்தில் தொடங்கிய முறை முழுக்க முழுக்க இந்த உடனடிப் பதிலின் மேல்தான் நிற்கிறது. இரண்டு பேர் தாளம் பிசகாமல் சேர்ந்து வாசிக்க, ஒருவரின் ஒலி மற்றவர் காதுக்கு ஏறக்குறைய 25 முதல் 30 மில்லி விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. எனவே 30 மில்லி விநாடி என்பது 10 மீட்டர், அதாவது பெரிய மேடை ஒன்றின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உள்ள தூரம். நாடு விட்டு நாடு போகும் வீடியோ அழைப்பில் ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடி வருவது சாதாரணம்.

இதை ஒரு உதாரணமாகப் போட்டுப் பாருங்கள். நீங்கள் நிமிடத்துக்கு 100 தட்டு வேகத்தில் கை தட்டுகிறீர்கள். மாணவர் அதைக் கேட்டு மிகச் சரியாகச் சேர்ந்து தட்டுகிறார். அவர் காதில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் உங்கள் தட்டு அங்கே போக 150, அவர் தட்டு இங்கே வர 150, மொத்தம் 300 மில்லி விநாடி. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே இருப்பதோ 600. ஆக, அவர் தட்டு உங்கள் இரண்டு தட்டுகளுக்கு நட்டநடுவில் வந்து விழுகிறது. அரை இடம் தள்ளி எடுத்த மாதிரி கேட்கும். “உங்களுக்கு லயம் கொஞ்சம் போதாது” என்று முதல் ஆண்டில் ஒரு மாணவரிடம் நான் சொல்லியிருக்கிறேன். அவர் தொழில்முறை டிரம் கலைஞர் என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டார், நான்தான் அந்த வகுப்பு முடியும்வரை அவர் முகத்தைப் பார்க்காமலே பேசினேன்.

வேகமான இணையம் வாங்கினால் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். ஒளியிழைக்குள் ஒளியே விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகிறது. 10,000 கிலோமீட்டர் தள்ளியிருப்பவரை எட்ட, வழியில் எந்தக் கருவியும் ஒரு நொடித்துளிகூட எடுத்துக்கொள்ளாவிட்டாலும் 50 மில்லி விநாடி ஆகும். ஜாமுலஸ், ஜாக்டிரிப் போல இசைக்கென்றே எழுதிய மென்பொருள்கள் உண்டு. ஒரே ஊருக்குள்ளோ அதிகத் தூரமில்லாத இரண்டு ஊர்களுக்கு இடையிலோ அவை அருமையாக வேலை செய்யும். கண்டம் தாண்டினால் அவற்றுக்கும் வேறு வழியில்லை. அதனால் மென்பொருள் தேர்வில் ரொம்ப மூளையைக் கசக்க வேண்டாம், அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமானதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வழக்கமான வீடியோ அழைப்பு மென்பொருள்கள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. நீண்டு ஒலிக்கும் சுரத்தை மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பாடினால் ஒருவர் குரலை விழுங்கிவிடும். ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது, மற்றவற்றிலும் இரைச்சல் நீக்கத்தை அணைக்க வழி இருக்கும். அதைச் செய்து, ஹெட்போன் போட்டுக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். மாணவர்கள் எல்லோரும் தங்கள் பக்கத்திலும் அதையே செய்ய வேண்டும். முதல் வகுப்பில் அரை மணி நேரம் இதற்கே போகும், போகட்டும்.

அப்படியானால் வாசிப்பை அறவே விட்டுவிடுவதா? வேண்டாம். தாமதத்தைத் தாங்கும் வகைகள் இருக்கின்றன. நீங்கள் ஒரு வரி பாட, அவர் காத்திருந்து பதில் வரி பாடுவது நன்றாகவே நடக்கும். தாளமில்லாமல், ஆலாபனை போல மெல்ல விரியும் வாசிப்பும் ஓரளவு நடக்கும். நீங்கள் பதிவுசெய்து அனுப்பிய வாசிப்பின் மேல் அவர் தன் வாசிப்பைப் பதிந்து அனுப்பினால், அவர் எதைக் கேட்டு எதற்குப் பதில் சொன்னார் என்பதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். நேரில் அந்த வசதி கிடையாது. ஆனால் எனக்கு மிகவும் கைகொடுத்தது வேறு. 30 பேரில் ஒரே ஊரில் இருப்பவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுங்கள். அவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து வாசிக்கட்டும், ஒருவர் சிகிச்சையாளராக, மற்றவர் பேசாத ஒரு குழந்தையாக. நீங்கள் திரையில் வெறும் பார்வையாளர். இதில் உங்கள் இசைத் திறமையைக் காட்ட வாய்ப்பே இல்லை என்பது சில ஆசிரியர்களுக்குக் கசக்கும். மாணவர்களுக்கு அதுதான் நல்லது.

இசைச் சிகிச்சை அறிஞர் கென்னத் புரூசியா வகுத்த ஒரு பிரிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: மனோதர்மமாக, அதாவது முன்கூட்டியே எழுதி வைக்காமல் அந்தந்த நேரத்தில் தோன்றியபடி, சேர்ந்து வாசிப்பது, தெரிந்த பாட்டைத் திரும்பப் பாடுவது, புதிதாகப் பாட்டு எழுதுவது, கேட்பது. நான் இதைக் கோட்பாடாக நடத்துவதில்லை, பாடத்திட்டத்தை வெட்டும் கத்தரியாகத்தான் வைத்திருக்கிறேன். பாட்டு எழுதுவதையும் கேட்பதையும் திரையில் ஏறக்குறைய முழுதாகக் கற்றுக்கொடுக்கலாம். தெரிந்த பாட்டைப் பயன்படுத்துவதை முக்கால் பங்கு. மனோதர்மத்துக்கு அறிமுகம் மட்டும். இந்த அளவுகள் என் அனுபவக் கணிப்பு, யாரும் அளந்து சொன்னவை அல்ல.

நேரில் நடத்துவதைவிட ஆன்லைனில் நன்றாக வரும் ஒரு பாடமும் உண்டு, அது கவனித்துப் பார்ப்பது. சிகிச்சை அமர்வு ஒன்றின் இரண்டு நிமிட வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை ஒலியில்லாமல் போடுங்கள். இரண்டாம் முறை படமில்லாமல், ஒலி மட்டும். மூன்றாம் முறை இரண்டும் சேர்த்து. ஒவ்வொரு முறையும் மாணவர்கள் பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும், புரிந்துகொண்டதை எழுதக்கூடாது. “குழந்தை மகிழ்ச்சியடைந்தது” என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன். “மூன்றாவது முறை பாடும்போது தலை இடப்பக்கம் திரும்பியது, நான்கு விநாடி அப்படியே இருந்தது” என்று எழுதினால் சரி. வகுப்பறையில் இதைச் செய்தால் முதலில் வாய் திறப்பவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். இங்கே 30 பேரும் தனித்தனியே எழுதி வைத்து, நான் சொன்னதும் ஒன்றாக அனுப்புவார்கள். ஒருமுறை பாதிப் பேர் “பாட்டைக் கேட்டுத் திரும்பினான்” என்று எழுதினார்கள். ஒரே ஒரு செவிலியர் மட்டும், அவன் திரும்புவதற்கு அரை நொடி முன்னால் எங்கோ ஒரு கதவு திறந்த சத்தத்தைக் குறித்திருந்தார். வீடியோவைத் தேர்ந்தெடுத்த எனக்கே அது தெரியாது. அன்றைக்கு நடத்தத் திட்டமிட்டிருந்த பாடத்தை ஓரம் வைத்துவிட்டு அந்தக் கதவைப் பற்றியே பேசினோம்.

அப்புறம் ஆதாரங்கள். எது உறுதி, எது சந்தேகம் என்று நீங்கள் பிரித்துச் சொல்லாவிட்டால், மாணவர்கள் இணையத்தில் கிடைப்பதையெல்லாம் உங்கள் பெயரில் நம்பிவிடுவார்கள். நன்கு வேரூன்றிய பகுதி, தாளமும் நடையும். பார்கின்சன் நோயாளிகளிடம் இசைச் சிகிச்சை ஆய்வாளர் மைக்கேல் தாட்டும் அவருடைய குழுவினரும் மூன்று வார நடைப்பயிற்சியைச் சீரான தாள ஒலியோடு செய்து பார்த்து 1996இல் வெளியிட்டார்கள். தாளத்தோடு நடந்தவர்களின் நடை வேகம் கூடியது. அதற்குப் பிறகு பலர் பல விதமாகச் செய்து பார்த்தும் அடிப்படை நிற்கிறது. நோயாளியின் இயல்பான நடை வேகத்தை முதலில் அளந்து, தாளத்தை அதிலேயே தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும் என்பதைத் திரையிலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் நோயாளி விழுந்துவிட்டால் பிடிப்பதற்கு உங்கள் திரையால் ஆகாது. பக்கத்தில் பிசியோதெரபிஸ்ட் இல்லாமல் செய்யக்கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

உறுதியில்லாத இடத்துக்கு நல்ல உதாரணம் ஆட்டிசம். ஒன்பது நாடுகளில் 364 குழந்தைகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2017இல் வெளிவந்தது. வழக்கமான உதவியோடு மனோதர்ம முறை இசைச் சிகிச்சையையும் பெற்ற குழந்தைகளுக்கும், வழக்கமான உதவியை மட்டும் பெற்றவர்களுக்கும், ஐந்து மாத முடிவில் சமூக உறவு சார்ந்த முக்கிய அளவீட்டில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2022 தொகுப்பாய்வு 26 ஆய்வுகளை, 1,165 பேரை ஒன்றாகப் பார்த்தது. ஒட்டுமொத்த முன்னேற்றத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் இசைச் சிகிச்சை அநேகமாக உதவுகிறது என்றது. இரண்டையும் ஒரே வகுப்பில் அருகருகே வையுங்கள். ஒன்றை மட்டும் காட்டுவது ஏமாற்று. எதை அளந்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள், எத்தனை மாதம் என்று மாணவர்களே கேட்கத் தொடங்கினால் உங்கள் விரிவுரை பலித்துவிட்டது.

முதல் வாரத்திலேயே யாராவது மோட்சார்ட் கேட்டால் குழந்தைக்கு அறிவு வளருமா என்று கேட்பார்கள். 1993இல் செய்த அந்த மூல ஆய்வு குழந்தைகளைப் பற்றியதே அல்ல. 36 கல்லூரி மாணவர்கள், பத்து நிமிட இசை, இடவடிவப் புதிர் ஒன்றில் சிறு முன்னேற்றம், அதுவும் கால் மணி நேரத்தில் கரைந்துவிட்டது. இந்த ராகம் இந்த நோய்க்கு, இந்த ஹெர்ட்ஸ் இந்த உறுப்புக்கு என்று அட்டவணை போடுபவர்களும் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களைக் கேலி செய்ய வேண்டாம். பிடித்த இசை மனதை இளக்கும் என்பது வேறு, குறிப்பிட்ட சுரக்கூட்டம் குறிப்பிட்ட நோயைத் தீர்க்கும் என்பது வேறு, இரண்டாவதற்கு நம்பத்தக்க மருத்துவ ஆதாரம் கிடையாது என்று நேராகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுங்கள்.

எல்லை தாண்டிக் கற்பிப்பதில் இணையத்தைவிட என்னைச் சிரமப்படுத்தியது பாட்டுதான். இசை உலகப் பொதுமொழி என்று சொல்லிக்கொண்டுதான் நானும் தொடங்கினேன். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. கேமரூன் நாட்டில் மேற்கத்திய இசையே கேட்டிராத மாஃபா மக்களிடம் அந்த இசையைப் போட்டுக் காட்டியபோது, மகிழ்ச்சி, சோகம், அச்சம் மூன்றையும் குத்துமதிப்பைவிட நன்றாக அடையாளம் கண்டார்கள் என்று 2009இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் பொலிவியாவின் அமேசான் காட்டுப் பகுதியில் வாழும் சிமானே மக்களுக்கு, மேற்கத்தியக் காதுக்கு இனிமையாக இருக்கும் சுரச் சேர்க்கையும் கரடுமுரடான சேர்க்கையும் ஒரே அளவு பிடித்திருந்தன என்று 2016இல் வந்த ஆய்வு காட்டியது. நான் வகுப்பில் அதிகம் பேசுவது 1999இல் வந்த இன்னொன்றைப் பற்றி. மேற்கத்தியக் கேட்போர் இந்துஸ்தானி ராகங்களில் மகிழ்ச்சியையும் சோகத்தையும் கோபத்தையும் கண்டுபிடித்துவிட்டார்கள், சாந்தத்தை மட்டும் கண்டுபிடிக்கவில்லை. ஒரே ஓர் ஆய்வை வைத்துக்கொண்டு பெரிதாக எதுவும் நிறுவ முடியாது, தெரியும். ஆனாலும் நினைத்துப் பாருங்கள், ‘மனதை அமைதிப்படுத்தும் இசை’ என்று நாம் எல்லா நாட்டுக்கும் பொட்டலம் கட்டி அனுப்புவது அந்த ஒன்றைத்தான்.

இதில் நான் சறுக்கிய கதையையும் சொல்கிறேன். புது நாடு, புது மாணவர்கள். மரியாதையாக இருக்கட்டும் என்று அவர்கள் மொழிப் பாட்டு ஒன்றை இணையத்தில் தேடிப் பிடித்து, வார்த்தைகளை மனப்பாடம் செய்து, கேட்பது பற்றிய வகுப்பைப் பாடித் தொடங்கினேன். மெதுவான, நல்ல மெட்டு. திரையில் முப்பது சதுரங்களும் அசையவில்லை. இரண்டு பேர் கேமராவை அணைத்தார்கள். உச்சரிப்பு மோசம் போல என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் ஒரு மாணவி தனியே எழுதினார். அவர்கள் நாட்டில் ஆட்சியைக் கவிழ்த்த நாளில், செய்தி எதுவும் சொல்லாமல் வானொலியில் நாள் முழுக்க அந்தப் பாட்டைத்தான் போட்டார்களாம். அன்றைக்கு வெளியே போன அவருடைய மாமா திரும்பவில்லை. பாட்டிலோ மெட்டிலோ வார்த்தையிலோ அதற்கு எந்தத் தடயமும் இல்லை. எந்தப் புத்தகத்தைப் புரட்டியும் நான் அதைத் தெரிந்துகொண்டிருக்க முடியாது, அவர்களைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அதிலிருந்து நான் பாட்டு கொண்டுபோவதில்லை. முதல் வாரமே மாணவர்கள் கொண்டுவர வேண்டும்: குழந்தையைத் தூங்கவைக்கப் பாடுவது, வேலை செய்யும்போது பாடுவது, பள்ளியில் எல்லோருக்கும் கற்றுத்தருவது, சாவு வீட்டில் பாடுவது, கடைசியாக, வெளியாள் முன்னால் பாடக்கூடாதது. கடைசி வகையைப் பாடிக் காட்ட வேண்டாம், ஏன் பாடக்கூடாது என்று மட்டும் சொன்னால் போதும் என்பேன். ஒரே நாட்டுக்குள்ளேயே பட்டியல்கள் முட்டிக்கொள்ளும். ஒருவரின் பள்ளிப் பாட்டு இன்னொருவருக்கு அவர் இனத்தை அவமதிக்கும் பாட்டாக இருக்கும். அந்த விவாதத்தை நீங்கள் தீர்த்துவைக்கப் போகக்கூடாது. நோயாளியிடம் பாட்டைக் கொடுக்கும் முன் கேட்க வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் பேசி நிறுத்த, அவர் பேசுவதானால் 2 மணி நேரம் 1 மணி நேரமாகச் சுருங்கிவிடும். பாடத்திட்டத்தைப் பாதியாக வெட்டிவிட்டுத் தொடங்குங்கள். கலைச்சொற்களை ஒரு வாரம் முன்பே அவருக்கு அனுப்பி, ஒவ்வொன்றையும் அவர் மொழியில் எப்படிச் சொல்லப்போகிறார் என்று கேளுங்கள். ஒரு தொடரில் ‘சிகிச்சை’ என்பதை மூன்று வாரமாக ‘குணமாக்குதல்’ என்று பொருள் வரும் சொல்லால் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்கள். மறதி நோய் வந்த தாயை இது குணமாக்கும் என்று ஒரு மாணவர் நம்பிவிட்டார். அதை அவரிடம் திருத்திச் சொன்ன அந்தப் பத்து நிமிடம் இன்னும் உறுத்துகிறது.

இப்போது சான்றிதழ். இந்தத் துறை பிறந்ததே உங்கள் கேள்வியிலிருந்துதான் என்று சொல்லலாம். உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் காயம்பட்ட படைவீரர்களின் மருத்துவமனைகளுக்கு இசைக்கலைஞர்கள் நல்லெண்ணத்தோடு வாசிக்கப் போனார்கள். நன்றாக வாசிப்பது மட்டும் போதாது, நோயாளியைப் பற்றிய படிப்பும் வேண்டும் என்று மருத்துவமனைகளுக்குத் தெரிந்தது. 1944இல் மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் முதல் பட்டப்படிப்பு தொடங்கியதற்கு அது ஒரு காரணம். இன்று அந்த நாட்டில் இசைச் சிகிச்சையாளராக 1,200 மணி நேரம் மேற்பார்வையோடு களப்பயிற்சி செய்ய வேண்டும். உங்கள் தொடரோ 24 மணி நேரம், அதுவும் களம் இல்லாமல். பிரிட்டனில் பதிவு பெறாதவர் ‘இசைச் சிகிச்சையாளர்’ என்ற பட்டப்பெயரைப் போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம். ஆஸ்திரியாவில் 2009 முதல் இதற்கென்றே தனிச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பல நாடுகளில் எந்தச் சட்டமும் இல்லை, யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். 1985இல் தொடங்கிய இசைச் சிகிச்சை உலகக் கூட்டமைப்பு ஒன்று உண்டு, ஆனால் அது உரிமம் கொடுக்கும் அமைப்பு அல்ல. எல்லா நாட்டிலும் செல்லும் உரிமம் என்று எதுவுமே கிடையாது.

சட்டம் இல்லாத நாடுதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய நாடு. அங்கே உங்கள் தாளைத் தடுக்க யாரும் இல்லை. “இசைச் சிகிச்சை அறிமுக விரிவுரைகளில் கலந்துகொண்டார். இது சிகிச்சை அளிப்பதற்கான தகுதி அல்ல” என்று அவர்கள் மொழியில், இரண்டு வாக்கியத்தையும் ஒரே அளவு எழுத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிடச் சொல்லி அமைப்பாளர்கள் கேட்பார்கள், எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. அந்த வாக்கியம் இல்லையென்றால் என் கையெழுத்தும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அதே நேரம் மாணவர்களை வெறுங்கையோடு அனுப்புவதாக நினைக்க வேண்டாம். செவிலியர் செவிலியராகவே இருந்துகொண்டு, கட்டு மாற்றும்போது நோயாளிக்குப் பிடித்த பாட்டைச் சேர்ந்து பாடலாம். சிறப்புப் பள்ளி ஆசிரியர், வரிசையாகச் செய்ய வேண்டிய வேலைகளைப் பாட்டாக்கலாம். அவரவர் தொழிலின் எல்லைக்குள் இசை ஒரு கருவி, அவ்வளவுதான். எங்கே போகக்கூடாது என்பதையும் பெயர் சொல்லியே சொல்லுங்கள். வன்முறையில் தப்பியவர்களின் நினைவுகளை இசையால் கிளறுவது கூடாது. குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், அங்குள்ள மருத்துவக் குழு இல்லாமல் எதுவும் செய்யக்கூடாது. அந்த அறையில் ஒலி 45 டெசிபலைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 1997லேயே சொல்லியிருக்கிறது. தாலாட்டுதானே என்று யாரும் உள்ளே நுழைந்துவிடக்கூடாது.

விரிவுரை முடிந்த பிறகு ஓராண்டு மேற்பார்வை கொடுக்க முடியுமானால் அதுவே இந்த 12 வாரத்தைவிட மதிப்புள்ளது. மாதம் இரண்டு முறை, ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழு, தாங்கள் செய்த வேலையின் பத்து நிமிடப் பதிவோடு வர வேண்டும். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நோயாளியின் வீடியோ நாடு தாண்டினால் அது மருத்துவத் தகவல் நாடு தாண்டுவதாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் நடப்பில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதில் மிகக் கறார். நான் வழக்கறிஞர் அல்ல, உங்கள் இரு நாட்டுச் சட்டத்தையும் தெரிந்த ஒருவரைக் கேட்டுவிடுங்கள். நான் கடைப்பிடிப்பது இது: கோப்பை எனக்கு அனுப்பக்கூடாது, மாணவர் தன் கணினியிலிருந்து திரையில் ஓட்டிக் காட்ட வேண்டும். வகுப்பை யாரும் பதிவுசெய்யக்கூடாது. வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர் ஒருவர் பார்ப்பார் என்பது நோயாளியின் ஒப்புதல் தாளில் தெளிவாக இருக்க வேண்டும். நோயாளியால் ஒப்புதல் சொல்ல முடியாவிட்டால் குடும்பத்தாரிடம் கேட்க வேண்டும், நோயாளி முகம் சுளித்தால் குடும்பம் சம்மதித்தாலும் கேமராவை அணைத்துவிட வேண்டும். மேற்பார்வையில் நீங்கள் பார்க்க முடியாதவையும் நிறைய. அறையின் வாசனை, மாணவரின் கை நடுக்கம், கேமராவுக்கு வெளியே நிற்கும் தாய். அதனால் அந்த ஊரிலேயே மருத்துவர், மனநல ஆலோசகர், மூத்த செவிலியர் என யாராவது ஒருவர் நேரில் பொறுப்பேற்க வேண்டும். அவருக்கு இசை தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

நேர வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரே மூச்சில் 2 மணி நேரம் பேசுவதை விட்டுவிட்டேன். பேச வேண்டியதை 20 நிமிடத் துண்டுகளாக முன்பே பதிந்து, வசனத்தையும் எழுத்தில் கொடுத்துவிடுகிறேன். நேரலை நேரம் முழுக்கக் கேள்விக்கும் வாசிப்புக்கும் வீடியோ பார்ப்பதற்கும்தான். இரவுப் பணி முடித்து வரும் செவிலியர் கண் செருகியபடி உட்கார்ந்திருப்பதை ஒருமுறை பார்த்தால் உங்களுக்கும் அந்த முடிவுதான் வரும்.

ஆகவே ஒத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்கு முன் அந்த அமைப்பிடம் மூன்றைக் கேளுங்கள். இந்த 30 பேரும் வகுப்பு முடிந்த மறுநாள் என்ன செய்வார்கள் என்று எதிர்பார்க்கிறீர்கள்? அங்கே நேரில் பொறுப்பேற்க யார் இருக்கிறார்? சான்றிதழில் அந்த இரண்டாவது வாக்கியம் இருக்குமா? முதல் கேள்விக்கு “இசைச் சிகிச்சைப் பிரிவு ஒன்றைத் தொடங்கப்போகிறோம்” என்று பதில் வந்தால், 30 பேருக்கு விரிவுரை நடத்துவதற்குச் செலவழிக்கும் தொகையில் அவர்களில் ஒருவரை முழுநேரப் படிப்புக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டவற்றில் ஓர் அமைப்பு அப்படியே செய்தது. என் தொடர் ரத்தாகிவிட்டது. அனுப்பப்பட்டவர் இப்போது படிப்பு முடித்துத் திரும்பி, தன் மொழியிலேயே நடத்திக்கொண்டிருக்கிறார்.